அம்மாவின் மாத்திரைப் பெட்டியும் கொஞ்சம் மருந்தியலும்

அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று கண்டுபிடித்த பிறகு வீட்டில் மாத்திரைகள் பெருகிவிட்டன. தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதோடு ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, துடிப்பைக் கட்டுக்குள் வைக்க ஒன்று, நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, எலும்புக்குக் கால்சியம், முழங்கால் வலிக்கு அவ்வப்போது ஒன்று. பெட்டியை அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒன்று விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒன்று சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, ஒன்று சாப்பிட்டதும், ஒன்று மாலையில் ஒரே நேரத்தில், ஒன்றை நொறுக்கவே கூடாது. மனப்பாடம் செய்துதான் ஆரம்பித்தேன். ஆனால் காரணம் தெரியாத விதி ரொம்ப நாள் நிற்காது. அதுவும் அம்மாவிடம் நிற்கவே நிற்காது. “ஏன்?” என்று கேட்காமல் அவர் எதையும் விழுங்க மாட்டார்.

நான் மருத்துவத் துறையில் இல்லை. டாக்டர்களிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டு, மருந்தோடு வரும் மடித்த தாளைப் படித்து, சந்தேகம் வந்தால் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அதில் எனக்கு அதிகம் உதவியது ஒரே ஒரு விஷயம். மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு; அதனால் உடம்பில் ஏற்படும் மாற்றம் எப்போது தெரிகிறது, எப்போது போகிறது என்பது வேறொரு கணக்கு. சில மருந்துகளில் இரண்டும் சேர்ந்து போகும், பலவற்றில் போகாது. வீட்டில் நடக்கும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

அம்மாவின் முதல் பெரிய கேள்வி இது: “ஏண்டி, முழங்கால்லதான் வலிக்குதுன்னு இந்த மாத்திரைக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. எந்த மாத்திரைக்கும் தெரியாது. விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. எங்கே அது ஒட்டிக்கொள்ளத் தோதான மூலக்கூறு இருக்கிறதோ அங்கே வேலை செய்கிறது. மற்ற இடங்களில் சும்மா கடந்து போகிறது. செல்லில் மருந்தைப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1905-ல் ஜான் லாங்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எழுதினார். ஜெர்மனியில் பால் எர்லிக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் அந்த வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். இன்று அதை ஏற்பி என்கிறோம். மருந்துகள் பற்றிக்கொள்வது ஏற்பிகளை மட்டுமல்ல; நொதிகள், செல் சவ்வில் உள்ள அயனிப் பாதைகள், பம்புகள் என்று பல இலக்குகள் உண்டு.

பாரசிட்டமாலின் கதை இன்னும் வேடிக்கை. அது பெரும்பாலும் முழங்காலில் வேலையே செய்வதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இன்றைய புரிதல். இதைச் சொன்னதும் அம்மா, “அப்போ வலி அங்கேயேதான் இருக்கு, எனக்குத்தான் தெரியலையா?” என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

மருந்து எல்லா இடத்துக்கும் போகிறது என்று புரிந்துவிட்டால் பக்கவிளைவு என்ற சொல்லின் பயம் கொஞ்சம் குறையும். பல பக்கவிளைவுகள் மருந்தின் அதே வேலைதான், நமக்கு வேண்டாத இடத்தில் நடக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபின் அளவைக் கூட்டியபோது கணுக்கால் வீங்கியது. சிறுநீரகம் போய்விட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். டாக்டர் சிறுநீர், ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு விளக்கினார். இந்த மருந்து சிறு தமனிகளைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் சிரைகளை அதே அளவுக்குத் தளர்த்துவதில்லை. உள்ளே வரும் வழி அகலமாகி, வெளியேறும் வழி பழையபடியே இருப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. புவியீர்ப்பால் அது கணுக்காலில் தேங்குகிறது. நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது என்றும் சொன்னார், ஏனென்றால் உடம்பில் நீர் அதிகமானதால் வந்த வீக்கம் இல்லை இது. அளவைப் பழையபடி குறைத்து, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் கால் வீக்கம் என்றாலே மாத்திரைதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

துடிப்புக்கான மெட்டோப்ரோலாலை எழுதும் முன்பு “ஆஸ்துமா உண்டா?” என்று இரண்டு முறை கேட்டதும் இதே காரணத்தால்தான். அட்ரினலின் பற்றிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளில் ஒரு வகை இதயத்தில் அதிகம், இன்னொரு வகை மூச்சுக்குழாயில் அதிகம். மெட்டோப்ரோலால் முக்கியமாக இதயத்தில் இருப்பதை அடைக்கிறது. அதே குடும்பத்து ப்ராப்ரனோலால் இரண்டையும் அடைக்கும். மூச்சுக்குழாயில் அடைபட்டால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. மெட்டோப்ரோலாலும் அளவு கூடினால் தன் தேர்வுப் பழக்கத்தை மறந்துவிடும். மருந்துகளின் ‘குறிவைக்கும்’ திறமை எப்போதுமே அளவைப் பொறுத்தது.

அடுத்து, மருந்து உள்ளே வரும் வழி. வாய்வழி விழுங்குவது நமக்கு எளிது, மருந்துக்குக் கஷ்டம். வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டும், குடல் சுவரைத் தாண்ட வேண்டும். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே பல மருந்துகளின் பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடும். ப்ராப்ரனோலாலை நரம்பில் ஊசியாகப் போட்டால் 1 முதல் 3 மில்லிகிராம் போதும். மாத்திரையாக என்றால் 40, 80 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. மாமா நெஞ்சுவலிக்கு வைத்திருக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் இதில் விளங்கியது. விழுங்கினால் கல்லீரல் அதை ஏறக்குறைய முழுவதுமாக முடித்துவிடும். நாக்கின் கீழுள்ள ரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகின்றன, ஓரிரு நிமிடங்களில் வேலை தெரியும். இன்சுலினை ஊசியாகப் போடுவதற்குக் காரணம் வேறு: அது ஒரு புரதம், விழுங்கினால் சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரித்துவிடும்.

நாங்கள் அதிகம் அல்லாடியது தைராய்டு மாத்திரையோடு. அம்மா லெவோதைராக்சினைத் தவறாமல் சாப்பிடுகிறார், ஆனால் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி விடும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்ட அவசரப்படவில்லை. “காலையில் வேறு என்னென்ன சாப்பிடுறீங்க, வரிசையா சொல்லுங்கம்மா” என்றார். அம்மா சொன்னார்: எழுந்ததும் தைராய்டு, கையோடு கால்சியம், அப்புறம் மற்றவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் நிம்மதி என்பது அவருடைய கொள்கை. கால்சியம் குடலில் லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் போட்டாலே 70 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகும். கூடவே கால்சியம் இருந்தால் அதுவும் குறையும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்றார். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினோம். அவருடையது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுப்பதுதான் அதற்கும் நல்லது. ஆக, ஒரு மாற்றத்தில் இரண்டு மருந்துக்கும் விடிவு.

நேரத்தை மாற்றிய அடுத்த வாரமே டிஎஸ்ஹெச் பார்க்கலாமா என்று கேட்டேன். 6 வாரம் கழித்து வரச் சொன்னார். அரைவாழ்வு என்ற கணக்கை முதலில் உருப்படியாகப் புரிந்துகொண்டது அங்கேதான். ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரைவாழ்வு. தினமும் ஒரே அளவில் எடுக்கும்போது, வருவதும் போவதும் சமமாகி ஒரு நிலையான மட்டத்தை எட்ட ஏறக்குறைய ஐந்து அரைவாழ்வு ஆகும். ஒன்று கடந்தால் அந்த மட்டத்தில் 50 சதவீதம், இரண்டில் 75, மூன்றில் 87.5, நான்கில் சுமார் 94, ஐந்தில் 97. நிறுத்தினாலும் இதே படிகளில்தான் இறங்கும். லெவோதைராக்சினின் அரைவாழ்வு சுமார் ஒரு வாரம். அதனால் புது மட்டம் நிலைக்கவே 5 வாரத்துக்கு மேல். மூளையடிச் சுரப்பி அதற்கேற்பத் தன் டிஎஸ்ஹெச்சைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம். முன்கூட்டிப் பரிசோதித்தால் பாதி வழியில் இருக்கும் எண்ணைப் பார்த்து அளவை மாற்ற நேரிடும், அடுத்த முறை அது எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

அரைவாழ்வு தெரிந்தால் ஒரு வேளை மறந்துபோனதற்கு எவ்வளவு பதற வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும். ஆம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். ஒரு நாள் விட்டுப்போனால் ரத்தத்தில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கும். அடுத்த நாள் வழக்கம்போல ஒன்று போதும், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. பாரசிட்டமாலுக்கு 2 முதல் 3 மணி நேரம்தான். அதனால்தான் சில மணி நேரத்தில் வலி திரும்பி வருகிறது.

இங்கே வரை சரி. ரத்தத்தில் இருக்கும் நேரத்தையும் வேலை செய்யும் நேரத்தையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு இதுவரை வந்துவிடலாம். நெஞ்செரிச்சலுக்கான பான்டாப்ரசோல்தான் என்னை முதலில் குழப்பியது. அதன் அரைவாழ்வு சுமார் 1 மணி நேரம். சாயங்காலத்துக்குள் ரத்தத்தில் அது இருந்த தடமே இருக்காது. ஆனால் தினம் ஒன்று போதும் என்கிறார்கள். எப்படி?

வயிற்றில் அமிலத்தைச் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்பை அது நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. மருந்து போய்விட்டாலும் முடங்கிய பம்பு முடங்கியதுதான். செல் புதுப் பம்பு செய்தால்தான் அமிலம் மறுபடி பழைய அளவுக்கு வரும். இன்னொரு நுணுக்கம்: வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் முடக்க முடியும், பம்புகள் அதிகமாக இயங்குவது சாப்பாடு வரும்போது. மருந்தும் ரத்தத்தில் கொஞ்ச நேரமே இருக்கும். இரண்டும் சந்திக்க வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். நெஞ்சு எரிய ஆரம்பித்த பிறகு அவசரத்துக்கு ஒன்று போட்டுக்கொள்பவர்கள் “இது கேட்கவே மாட்டேங்குது” என்று குறைப்படுவது இதனால்தான். எல்லாப் பம்பும் முதல் நாளிலேயே சிக்குவதும் இல்லை. முழுப் பலன் தெரிய சில நாட்களாகும். போதாக்குறைக்கு, அமிலம் குறைவதால் தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதும் சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். அதை டிஎஸ்ஹெச் பார்த்து டாக்டர் சரிக்கட்டுவார்.

ஆஸ்பிரினும் இதே ஜாதி. ரத்தத்தில் ஆஸ்பிரினாக அதன் அரைவாழ்வு 15, 20 நிமிடம்தான். அதற்குள் ரத்தத் தட்டுகளில் உள்ள ஒரு நொதியை மீளாதபடி மாற்றிவிடுகிறது. தட்டுகளுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அவை வாழும் 7 முதல் 10 நாள் வரை அந்தப் பாதிப்பு தொடரும். ஆஸ்பிரின் இந்த நொதி வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதை 1971-ல் ஜான் வேன் கண்டறிந்தார், 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மருந்தோ அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே விற்பனையில் இருந்தது. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் இதற்கெல்லாம் தலைகீழ். அம்மாவுக்கு அதைத் தொடங்கியபோது கூடவே ஹெப்பாரின் வகை ஊசியும் சில நாள் போட்டார்கள். மாத்திரைதான் கொடுத்தாயிற்றே, ஊசி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஐஎன்ஆர் என்ற உறைதல் பரிசோதனையில் எண் 2-க்கும் 3-க்கும் நடுவே வர வேண்டும்; மருந்து எடுக்காதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். முதல் பரிசோதனையில் எண் அசையவே இல்லை. அளவு போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருந்தாளுநர் சொன்ன விளக்கம் இது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் காரணிகளை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை, வார்ஃபரின் தொடுவதே இல்லை. கல்லீரல் வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் புதுக் காரணிகளைச் செய்வதைத்தான் அது தடுக்கிறது. உற்பத்தியை நிறுத்தினாலும் கிடங்கில் இருக்கிற சரக்கு தீர வேண்டுமே. அந்தக் காரணிகளில் ஏழாவது சீக்கிரம் தீரும், அதன் அரைவாழ்வு சுமார் 6 மணி நேரம். இன்னொரு காரணியான புரோத்ராம்பினுக்கோ 60 மணி நேரத்துக்கு மேல். முதலில் தீர்வது ஏழாவது என்பதால் ஐஎன்ஆர் ஏறத் தொடங்கினாலும் உண்மையான பாதுகாப்பு வர 5 நாளாவது ஆகும். அதுவரைக்கும்தான் ஊசி.

இன்று அளவை மாற்றினால் அதன் பலன் சில நாள் கழித்துத்தான் எண்ணில் தெரியும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒரே ஒரு பரிசோதனையின் எண்ணைப் பார்த்துவிட்டு மருந்து சரியில்லை, டாக்டர் சரியில்லை என்று சொல்லும் உறவினர்களுக்கு இதை விளக்கி நான் ஓய்ந்துவிட்டேன்.

வார்ஃபரினின் பூர்வீகம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருந்தேன். அவரே எங்கோ கேட்டுவிட்டு வந்து, “எலி மருந்தைத்தான் தினமும் தர்றியா?” என்றார். பொய் சொல்ல முடியவில்லை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு பிரித்தெடுத்தது. அந்த வரிசையில் செய்த வார்ஃபரின் 1948-ல் எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அளவுதான் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. அம்மா சமாதானமாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஐஎன்ஆர் பரிசோதனைத் தேதியை எனக்கு முன்னால் அவர்தான் ஞாபகப்படுத்துகிறார்.

ஒரு முறை அவருக்கு வயிற்றுத் தொற்று வந்து, வேறொரு டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதினார். சீட்டை வாங்கிப் பார்த்த மருந்தாளுநர் “வேறு என்ன மருந்து எடுக்கிறார்?” என்று கேட்டார். பையிலிருந்த பட்டியலைக் காட்டினேன். வார்ஃபரின் என்ற பெயரைப் பார்த்ததும் டாக்டருக்கு போன் போட்டுவிட்டார். கல்லீரலில் சைட்டோகுரோம் என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. ஏராளமான மருந்துகளைச் சிதைப்பது அதன் வேலை. வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியை மெட்ரோனிடசோல் தடுக்கிறது. நாம் ஒரு மாத்திரைகூட அதிகம் போடாமலேயே ரத்தத்தில் வார்ஃபரின் கூடும், எங்காவது ரத்தம் கசியலாம். சில மருந்துகள் நேர்மாறு: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த நொதிகளை அதிகமாக உற்பத்தியாக்கி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் காலி செய்துவிடும். தடுப்பது ஓரிரு நாளிலேயே தெரியும். உற்பத்தி கூடுவது தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், நிறுத்திய பிறகும் அவ்வளவு நாள் இழுக்கும். அம்மாவுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், ஐஎன்ஆரையும் முன்கூட்டியே பார்த்தார்கள். பட்டியல் பையில் இருந்ததால் நடந்தது அது. “ரத்தம் உறையாம இருக்க ஏதோ ஒண்ணு” என்று வாயால் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

கீரை வகைகளில் வைட்டமின் கே அதிகம் என்பதால் வார்ஃபரின் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது என்று பலர் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னது வேறு: விட வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மருந்தின் அளவு நம் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு ஏற்பத்தான் தீர்மானிக்கப்படுகிறது. பழக்கம் திடீரென்று மாறினால்தான் எண் ஆடும்.

அப்புறம் வெளியேறும் வழி. கல்லீரல் சிதைத்தது போக மீதியையும், சிதையாமலேயே சுற்றும் மருந்துகளையும் வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டைகாக்சின் போன்றவை அதிகமும் அப்படியே சிறுநீரில் போகின்றன. சிறுநீரகம் மந்தமானால் அரைவாழ்வு நீளும், பழைய அளவே அதிக அளவாகிவிடும். வயதானவர்களிடம் இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியாட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. அம்மாவைப் போல மெலிந்தவர்களுக்குத் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் கிரியாட்டினின் பார்க்க நன்றாகவே இருக்கும். வயது, பாலினம், எடை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறனைக் கேட்டு வாங்குங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்கும் சிறுநீரகம் ஒரு காரணம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். வார்ஃபரினும் கூட இருந்தால் அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் நிற்காது. அதனால் அம்மாவுக்குப் பாரசிட்டமால் மட்டும். அதுவும் பாவப்பட்ட மருந்து இல்லை. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். மெலிந்தவருக்கும் கல்லீரல் பழுதுள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும். பாரசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறுகிறது, குளூட்டாதயோன் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும். இதில் மோசமான விஷயம் நேரக்கணக்கு: முதல் நாள் ஆள் நன்றாகவே தெரிவார். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிவதற்குள் இரண்டு மூன்று நாளாகிவிடும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் மிக நன்றாக வேலை செய்வதோ முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால். அளவு மீறியது தெரிந்தால், ஒன்றும் இல்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர் பாரசிட்டமாலையும் தினமும் தொடர்ந்து எடுத்தால் ஐஎன்ஆர் ஏறலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மெட்டோப்ரோலால் மாத்திரை பெரிதாக இருக்கிறது, நொறுக்கித் தண்ணீரில் கலந்து தா என்று அம்மா கேட்டார். அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் வகை. நொறுக்கினால் ஒரு நாளுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கும். துடிப்பும் அழுத்தமும் மளமளவென்று விழும், இரவுக்குள் மருந்தும் தீர்ந்துவிடும். அவருக்குத் தரும் மாத்திரையில் நடுவே கோடு இருக்கிறது, அதை இரண்டாக உடைக்கலாம், மெல்லவோ பொடிக்கவோ கூடாது என்றார் மருந்தாளுநர். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தவும் கூடாது. ஏற்பிகள் நெடுநாள் அடைபட்டிருக்கும்போது உடம்பு அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. அடைப்பை ஒரே நாளில் எடுத்தால் அட்ரினலினுக்கு இதயம் அளவுக்கு மீறித் துள்ளும். மருந்து ஓரிரு நாளில் போய்விடும், உடம்பு பழைய நிலைக்கு வர அதைவிட அதிக நாளாகும்.

நான் சொன்ன பட்டியல் ஒரு பக்கத் தாள்தான். ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயர், அளவு, நேரம், எதற்காக, எப்போதிலிருந்து. வணிகப் பெயரை மட்டும் எழுதினால் அதே மருந்தை வேறு பெயரில் இரண்டு டாக்டர்கள் எழுதிவிடலாம். புதிதாக ஒன்று சேர்ந்தால், பலன் எத்தனை நாளில் தெரியும், எதோடு சேரக் கூடாது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அலர்ஜி இருந்தால் தாளின் தலையிலேயே.

சமீபத்தில் அம்மாவுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, வார்ஃபரினை இரண்டு நாள் விட்டுவிடலாம் என்று அவராகவே திட்டம் போட்டிருந்தார். இரண்டு நாளில் ஐஎன்ஆர் இயல்புக்கு இறங்கிவிடாது. முழுசாக இறங்க 5 நாள் போல ஆகும், மறுபடி தொடங்கினால் ஏற இன்னும் அவ்வளவு நாள். அந்த இடைவெளியில் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால், பல்லில் கசியும் ரத்தம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதய டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் பேசினோம். நிறுத்த வேண்டாம், முந்தின நாள் ஐஎன்ஆர் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். 2.4 இருந்தது. பிடுங்கிய இடத்தில் தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆன்டிபயாடிக் தேவையில்லை, வலிக்குப் பாரசிட்டமால் போதும், இபுப்ரோஃபென் வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். அன்று மாலை வார்ஃபரினையும் வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டார்.